அல்லவும் இல்லையும்: ஸ்பானிய வினை ஒன்று கற்பிக்கும் பாடம்

தில்லி லோதி ரோட்டை அடுத்த குடியிருப்புகளில் தமிழ்க் குடும்பம் ஒன்றின் மாலைப் பொழுதை நாம் மனக்கண்ணில் கொண்டுவருவோம். வாயிற்கதவு தட்டப்படுகிறது. பள்ளியிலிருந்து சற்று முன் திரும்பிய சிறுமி கதவைத் திறக்கிறாள்.

“அப்பா இருக்கிறாராம்மா?”

“அப்பா வீட்டில் இல்லை, மாமா.”

வந்தவர் உள்ளே அமர்கிறார். மேசைமீது கிடக்கும் புத்தகத்தை எடுத்துப் புரட்டியவாறே, “இது உன் புத்தகமா?” என்று வினவுகிறார்.

“இது என் புத்தகம் இல்லை, மாமா. அண்ணாவுடையது.”

சிறுமி இரண்டு முறை ‘இல்லை’ என்றாள். இரண்டும் ஒரே பொருளைத் தருவன போலத் தோன்றும். ஆயினும் அவை ஒன்றல்ல. முதல் ‘இல்லை’, தந்தை அவ்விடத்தே இலர் என்பதைத் தெரிவிக்கிறது. இரண்டாவதோ, புத்தகம் அங்கே இல்லாமையைத் தெரிவிக்கவில்லை. புத்தகம் கண்ணெதிரேயே கிடக்கிறது. அது தன்னுடையதன்று என்பதே அவள் கருத்து. எழுத்துத் தமிழில் முதல் தொடரை ‘இல்லை’ என்றும், இரண்டாம் தொடரை ‘அன்று’ அல்லது ‘அல்ல’ என்றும் முடிப்பது முறை. பேச்சு வழக்கில் பெரும்பாலும் இவ்வேறுபாடு மங்கி, ‘இல்லை’ ஒன்றே இரண்டு வேலைகளையும் செய்து வருகிறது.

இதனை இலக்கணப் பிழை என்று சுட்டிக் குழந்தையைத் திருத்துவது நம் நோக்கம் அன்று. அண்ணனின் புத்தகம் ஸ்பானிய மொழிப் பாடநூலாக இருக்கலாம். தலைநகரின் சில பள்ளிகளில் ஸ்பானிய மொழி கற்பிக்கப்படுகிறது. ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்திலும் தில்லிப் பல்கலைக்கழகத்திலும் அதற்குப் படிப்புகள் உண்டு. அம்மொழியைத் தொடங்கும் மாணாக்கர் முதல் மாதத்திலேயே இடறி விழும் இடம் ஒன்று உளது. அவ்விடத்தில் அவர்களைத் தாங்கிப் பிடிக்கக்கூடியது, நம் வீட்டுப் பேச்சிலிருந்து மெல்ல மறைந்து வரும் அந்த ‘அல்ல’ என்னும் சிறு சொல்லே. அஃது எவ்வாறு என்பதை இங்குக் காண்போம்.

லோதி ரோட்டில் ஸ்பானிய மொழி

லோதி ரோட்டுக்கும் ஸ்பானிய மொழிக்கும் என்ன தொடர்பு என்று நேயர்கள் வினவக்கூடும். அச்சாலையின் ஓரத்திலுள்ள பெருந்தோட்டமே அதற்கு விடை. சையது, லோதி மரபினரின் கல்லறைகளைச் சூழ்ந்து 1936-ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட அப்பூங்கா, முதலில் வில்லிங்டன் சீமாட்டியின் பெயரால் வழங்கிற்று. நாடு விடுதலை பெற்றபின் லோதி தோட்டம் எனப் பெயர் பெற்றது. மெக்சிகோ நாட்டுப் பெருங்கவிஞர் ஒக்தாவியோ பாஸ் 1962 முதல் 1968 வரை இந்தியாவில் தம் நாட்டுத் தூதராகப் பணியாற்றினார். 1968 அக்டோபரில் மெக்சிகோ நகரில் மாணவர்கள் சுடப்பட்டதைக் கண்டித்து அவர் அப்பதவியைத் துறந்தார். 1990-இல் இலக்கியத்திற்கான நோபெல் பரிசு பெற்றார். லோதி தோட்டத்தைப் பற்றி அவர் ஸ்பானிய மொழியில் ஒரு சிறு கவிதை இயற்றியுள்ளார். 1969-இல் வெளிவந்த ‘கிழக்குச் சரிவு’ என்னும் பொருள்படும் தொகுதியில் அது இடம்பெற்றது. ஆகவே, நாம் நாளும் காலையில் உலாவும் புல்வெளி ஸ்பானிய இலக்கியத்திலும் ஓர் இடம் பெற்றதேயாகும்.

ஒன்றுக்கு இரண்டு

ஆங்கிலத்தில் ‘இஸ்’ என்னும் வினை ஒன்று. இந்தியில் ‘ஹை’ என்பதும் அவ்வாறே. ‘அவர் மருத்துவர்’ என்பதற்கும், ‘அவர் வீட்டில் இருக்கிறார்’ என்பதற்கும் அவ்விரு மொழிகளிலும் அதே ஒரு சொல் போதும். ஸ்பானிய மொழியிலோ இவ்விடத்தில் இரண்டு வினைகள் உள. ஒன்று ‘ஸேர்’; மற்றொன்று ‘எஸ்தார்’. ‘எஸ்தார்’ என்பதில் வரும் தகரத்தை ‘ஸ்தலம்’ என்னும் சொல்லில் ஒலிப்பது போல, ஆனால் மூச்சொலி சேராமல் ஒலித்தல் வேண்டும்.

முதலில் நிகழ்கால வடிவங்களைப் பார்ப்போம். ‘எஸ்தார்’ பின்வருமாறு திரியும்:

எஸ்தோய் – இருக்கிறேன்
எஸ்தாஸ் – இருக்கிறாய்
எஸ்தா – இருக்கிறான், இருக்கிறாள், இருக்கிறது
எஸ்தாமோஸ் – இருக்கிறோம்
எஸ்தாய்ஸ் – இருக்கிறீர்கள்
எஸ்தான் – இருக்கிறார்கள், இருக்கின்றன

‘ஸேர்’ என்பதன் வடிவங்கள்: ஸோய், ஏரெஸ், எஸ், ஸோமோஸ், ஸோய்ஸ், ஸோன். இவை முறையே நான், நீ, அவன் முதலியோர், நாம், நீங்கள், அவர்கள் என்னும் இடங்களுக்கு உரியவை.

இப்பட்டியலைக் கண்டு ஆங்கில வழி கற்போர் மலைப்பர். தமிழ் மாணாக்கர் மலைக்க வேண்டுவதில்லை. ‘இருக்கிறேன்’ என்றால் ‘நான்’ என்று தனியே சொல்ல வேண்டாதவாறு, ‘எஸ்தோய்’ என்றாலும் ‘நான்’ என்பதற்கு ஸ்பானியச் சொல் வேண்டா. இடத்தையும் எண்ணையும் விகுதியே காட்டிவிடும். நன்னூல் பகுபதத்தைப் பகுதி, இடைநிலை, விகுதி எனப் பிரித்துக் காட்டுவதை நாம் பள்ளியிலேயே கற்றிருக்கிறோம். அம்முறையே இங்கும் உதவும். ‘இருந்தோம்’ என்னும் பொருளில் வரும் ‘எஸ்தாபாமோஸ்’ என்பதில் ‘எஸ்த்’ பகுதி. ‘ஆபா’ இறந்தகாலங் காட்டும் இடைநிலை. ‘மோஸ்’ தன்மைப் பன்மை விகுதி. எதிர்காலத்தில் ‘எஸ்தாரே’ என்றால் ‘இருப்பேன்’. ‘எஸ்தாரேமோஸ்’ என்றால் ‘இருப்போம்’.

இரண்டு எச்சரிக்கைகள் மட்டும் வேண்டும். ‘எஸ்தான்’ என்பதன் ஈற்று னகரத்தைக் கண்டு ஆண்பால் என்று மயங்கலாகாது. அது பன்மை விகுதி. ஸ்பானிய வினைமுற்று ஆண்பால் பெண்பால் வேறுபாட்டைக் காட்டுவதில்லை. அடுத்து, ‘எஸ்தா’ என்பதை இறுதி அசையில் அழுத்தி ஒலித்தல் வேண்டும். அழுத்தம் முதல் அசையில் விழுமாயின் அது வினையாகாது. பெண்பாற் பெயர்க்கு முன் வரும் ‘இந்த’ என்னும் சுட்டாகிவிடும்.

பாடநூல் விதியும் அதன் குறையும்

வடிவங்களை மனப்பாடம் செய்துவிடலாம். எவ்விடத்தில் ‘ஸேர்’, எவ்விடத்தில் ‘எஸ்தார்’ என்பதே இடறும் இடம். தொடக்கப் பாடநூல்கள் பல இதற்கு எளிய விதி ஒன்றைக் கூறும்: நிலையானதற்கு ‘ஸேர்’, மாறக்கூடியதற்கு ‘எஸ்தார்’. கேட்பதற்கு இனிய விதி. ஆனால் விரைவிலேயே கைவிட்டுவிடும்.

சிக்கந்தர் லோதி 1517-ஆம் ஆண்டில் மறைந்தார். அவரது கல்லறை 500 ஆண்டுகளுக்கு மேலாக அசையாமல் அதே இடத்தில் நிற்கிறது. இதைவிட நிலையானது வேறு யாது? எனினும், ‘கல்லறை தோட்டத்தில் இருக்கிறது’ என்பதை ஸ்பானிய மொழியில் ‘லா தும்பா எஸ்தா என் எல் ஹர்தீன்’ என்றே கூற வேண்டும். வந்திருப்பது ‘எஸ்தா’. இறந்தவர் மீள்வதில்லை, ஆயினும் ‘இறந்துவிட்டிருக்கிறார்’ என்பதற்கு ‘எஸ்தா முவெர்த்தோ’ என்பர். மறுபுறம், கடிகாரம் ஓரிடத்தும் நிற்பதில்லை. எனினும் ‘மணி மூன்று’ என்பதற்கு ‘ஸோன் லாஸ் த்ரேஸ்’ என ‘ஸேர்’ வினையே வருகிறது. நிலைமை, நிலையாமை என்னும் அளவுகோல் இங்கெல்லாம் பொய்த்துப் போகிறது.

தமிழ் தரும் அளவுகோல்

இனி அதே தொடர்களைத் தமிழாற் சோதிப்போம். ‘அவர் மருத்துவர்.’ இத்தொடரில் வினையே இல்லை. பெயரே பயனிலையாக நிற்கிறது. வினை வேண்டுமாயின் ‘அவர் மருத்துவர் ஆவார்’ என்போம். ‘மணி மூன்று.’ இங்கும் வினை இல்லை. ‘நாங்கள் தமிழர்.’ இங்கும் இல்லை. ஸ்பானிய மொழி இவ்விடங்களிலெல்லாம் ‘ஸேர்’ வினையைப் பெய்கிறது. தமிழ் வெற்றிடமாக விடுவதை, அல்லது ‘ஆதல்’ என்னும் வினையால் நிரப்புவதை, ஸ்பானியம் ‘ஸேர்’ கொண்டு நிரப்புகிறது என்று கொள்ளலாம்.

‘கல்லறை தோட்டத்தில் இருக்கிறது.’ ‘கதவு திறந்திருக்கிறது.’ ‘காப்பி சூடாக இருக்கிறது.’ இவற்றில் ‘இருத்தல்’ என்னும் வினை வெளிப்படையாக நிற்கிறது. இவ்விடங்களில் ஸ்பானியம் ‘எஸ்தார்’ வினையை ஆளும்.

இதனினும் கூரிய சோதனை எதிர்மறையில் உளது. தொடரை மறுத்துப் பாருங்கள். திருத்தமான எழுத்துத் தமிழில் அது ‘அல்ல’ என்னும் வகையால் முடியுமாயின் ‘ஸேர்’. ‘இல்லை’ என்று முடியுமாயின் ‘எஸ்தார்’.

அவர் மருத்துவர் அல்லர் – நோ எஸ் மேதிக்கோ.
மணி மூன்று அல்ல – நோ ஸோன் லாஸ் த்ரேஸ்.
அவர் வீட்டில் இல்லை – நோ எஸ்தா என் காஸா.
காப்பி சூடாக இல்லை – எல் கஃபே நோ எஸ்தா காலியெந்தே.

நம் மரபிலக்கணத்தில் ‘அல்ல’ என்பதும் ஒரே வடிவாய் நின்றதன்று. அல்லேன், அல்லோம், அல்லை, அல்லீர், அல்லன், அல்லள், அல்லர், அன்று, அல்ல என்று அது இடமும் எண்ணும் பாலும் காட்டித் திரிந்தது. ‘நோ ஸோய்’ என்பதற்கு நேர், ‘அல்லேன்’. ‘நோ ஸோமோஸ்’ என்பதற்கு நேர், ‘அல்லோம்’. ஸ்பானியப் பட்டியலின் ஒவ்வோர் அறைக்கும் எதிரே நம்மிடம் ஒரு சொல் முன்னமேயே ஆயத்தமாக இருக்கிறது. தற்கால உரைநடையில் ‘அல்ல’ என்பதே பெரும்பாலும் எல்லாவிடத்தும் வழங்குகிறது; சோதனைக்கு அதுவே போதும். நம் அண்டை வீட்டாராகிய மலையாளிகள் அன்றாடப் பேச்சிலும் ‘அல்ல’, ‘இல்ல’ என்னும் இரண்டையும் கலவாமல் ஆள்கின்றனர் என்பது இங்கு நினைவுகூரத் தக்கது.

ஒரே அடைமொழி இரு வினைகளோடும் சேர்ந்து பொருள் மாறும் இடங்களிலும் தமிழ் வழி காட்டும். ‘எஸ் லிஸ்தோ’ என்றால் ‘அவன் அறிவாளி’. ‘எஸ்தா லிஸ்தோ’ என்றால் ‘அவன் ஆயத்தமாக இருக்கிறான்’. ‘எஸ் பெர்தே’ என்றால் ‘அது பச்சை நிறமுடையது’. பழத்தைப் பற்றி ‘எஸ்தா பெர்தே’ என்றால் ‘இன்னும் காயாக இருக்கிறது’. ‘எஸ் குவாப்பா’ என்றால் ‘அவள் அழகி’. ‘எஸ்தா குவாப்பா’ என்றால் ‘இன்று அழகாக இருக்கிறாள்’. ஒவ்வோர் இணையிலும் முதலாவதற்குத் தமிழ் பெயர்ப்பயனிலையைத் தருகிறது. இரண்டாவதற்கு ‘இருத்தல்’ வினையைத் தருகிறது.

இன்னும் ஒரு பொருத்தம் உண்டு. ‘பேசிக்கொண்டிருக்கிறேன்’ என்பதில் ‘இருக்கிறேன்’ துணைவினையாக வந்து தொழில் தொடர்வதைக் காட்டுகிறது. ஸ்பானிய மொழியிலும் ‘எஸ்தோய் அப்லாந்தோ’ என ‘எஸ்தார்’ வினையே அப்பணியைச் செய்கிறது. ‘ஸேர்’ இங்கு வாராது.

சோதனை செல்லாத இடங்கள்

எந்த அளவுகோலுக்கும் எல்லை உண்டு. அவ்வெல்லைகளை மறைத்தல் நேர்மையாகாது.

முதலாவது, இறந்தகாலத் தொடர். ‘பாஸ் தூதராக இருந்தார்’ என்று நாம் கூறுவோம். ‘இருந்தார்’ என்பதைக் கண்டு ‘எஸ்தார்’ என்று முடிவு கட்டலாகாது. பெயர்ப்பயனிலை காலங்காட்டாது, ஆகவே காலங்காட்டும் பொருட்டே தமிழ் இங்கு ‘இரு’ வினையைத் துணைக்கு அழைக்கிறது. தொடரை நிகழ்காலத்துக்குக் கொணர்ந்து சோதிக்க வேண்டும். ‘அவர் தூதர், அவர் தூதர் அல்லர்.’ ஆதலின் ‘ஸேர்’. அதன் இறந்தகால வடிவமாகிய ‘ஃபுவே’ என்பதே இங்கு வரும்.

இரண்டாவது, ‘வீடு பெரியதாக இருக்கிறது’ போன்ற தொடர்கள். இதையே ‘வீடு பெரியது’ என்று சுருக்கலாம். ‘பெரியதன்று’ என்று மறுக்கலாம். இவ்வாறு சுருக்க இயலுமாயின் ‘ஸேர்’ வினையையே முதலில் கருத வேண்டும்.

மூன்றாவது, நிகழ்ச்சிகள். ‘கூட்டம் இங்கே இருக்கிறது’ என்று பேச்சில் சொல்வதுண்டு. ‘நடைபெறுகிறது’ என்பதே அதன் கருத்து. ‘நடைபெறுகிறது’ என்று மாற்றக்கூடிய இடங்களில், இடத்தைக் குறித்தாலும், ‘ஸேர்’ வினையே வரும்: ‘லா ரெயுனியோன் எஸ் அக்கீ’.

நான்காவது, ‘உண்டு’ என்னும் பொருள். ‘இங்கே ஒரு கடை உண்டு’ என்று புதிதாக ஒன்றன் உண்மையை அறிவிக்குமிடத்தில் இரு வினைகளும் வாரா. ‘ஆய்’ என்னும் வேறொரு சொல் வரும். நம் ‘உண்டு’ ஐம்பாலுக்கும் மூவிடத்திற்கும் பொதுவாய் நிற்பது போல, ‘ஆய்’ என்பதும் ஒருமை பன்மை இரண்டிற்கும் மாறாமல் நிற்கும்.

ஐந்தாவது, ‘எனக்குப் பசியாக இருக்கிறது’ என்பது. இங்கு ஸ்பானியர் ‘தேங்கோ ஆம்ப்ரே’ என்பர். ‘நான் பசியை உடையேன்’ என்பது அதன் சொற்பொருள்.

கடைசியாக, ‘வீட்டில் அல்ல, அலுவலகத்தில் இருக்கிறார்’ என்று ஒன்றை விலக்கி மற்றொன்றை வற்புறுத்தும் தொடரில் ‘அல்ல’ வருவது இயல்பு. அத்தகைய தொடரை வைத்துச் சோதித்தல் கூடாது. நேரான எளிய தொடரையே எடுத்துக்கொள்ள வேண்டும்.

சொல்லின் பிறப்பு

லோதி தோட்டத்தை ஒட்டிச் செல்லும் சாலை ஒன்றுக்கு மாக்ஸ் முல்லரின் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. 1823 முதல் 1900 வரை வாழ்ந்த அவ்வறிஞர் இந்தியாவுக்கு ஒருமுறையேனும் வந்தவரல்லர். எனினும் ரிக் வேதத்தைப் பதிப்பித்தவர். வடமொழிக்கும் ஐரோப்பிய மொழிகளுக்கும் உள்ள உறவை உலகறியச் செய்தோருள் ஒருவர். அவ்வுறவுக்கு ‘எஸ்தார்’ ஒரு சான்று. இலத்தீன் மொழியில் ‘நிற்றல்’ என்னும் பொருளுடைய ‘ஸ்தாரே’ என்பதினின்று அது பிறந்தது. அவ்விலத்தீன் வினையும் வடமொழியின் ‘ஸ்தா’ என்னும் தாதுவும் உடன்பிறந்தவை. அத்தாதுவினின்று வந்த ‘ஸ்தானம்’, ‘ஸ்திதி’ என்னும் இரண்டும் நாம் அறிந்த சொற்களே. ஒன்று இடத்தையும் மற்றொன்று நிலையையும் குறிக்கும். ‘எஸ்தார்’ வினையின் இரண்டு முதன்மையான பயன்களும் இவையே. ஸ்தானமும் ஸ்திதியும் கூற எஸ்தார் என்று நினைவிற் கொண்டால் மறவாது.

நம் ‘இரு’ என்பதும் இவ்வாறே உடலின் நிலையிலிருந்து எழுந்தது. ‘இருத்தல்’ என்பதற்கு ‘அமர்தல்’ என்பது பழம்பொருள். உத்திரமேரூர்ப் பெருமாள் கோயிலில் நின்ற கோலம், இருந்த கோலம், கிடந்த கோலம் என மூன்று நிலைகளில் திருமாலைக் காண்கிறோம். அங்கு ‘இருந்த’ என்பது ‘வீற்றிருந்த’ என்னும் பொருளிலேயே வழங்குகிறது. ஸ்பானியர் நிற்பதிலிருந்தும், தமிழர் அமர்வதிலிருந்தும் ‘இருப்பு’ என்னும் கருத்தை அடைந்தனர். வேர்கள் வேறு, வந்து சேர்ந்த இடம் ஏறத்தாழ ஒன்று.

பயிற்சிக்கு ஒரு தொடர்

‘சாவி மேசைமீது இருக்கிறது’ என்பதை ஸ்பானிய மொழியில் சொல்லிப் பாருங்கள்: ‘லா யாவே எஸ்தா என் லா மேஸா.’ ‘சாவி’, ‘மேசை’ என்னும் இரண்டு சொற்களும் போர்த்துகீசியர் வழியாக நம் மொழிக்கு வந்தவை. போர்த்துகீசியம் ஸ்பானியத்தின் உடன்பிறந்த மொழி. ஆகவே அச்சொற்களின் உறவினரே ‘யாவே’யும் ‘மேஸா’வும். இத்தொடரின் பெயர்ச்சொற்கள் நம் வீட்டில் நெடுங்காலமாகக் குடியிருப்பவை. கற்க வேண்டுவது நடுவிலுள்ள ‘எஸ்தா’ ஒன்றே. அதனை மறுத்துச் சொல்லும்போது நம் நாவில் இயல்பாக ‘இல்லை’ வரும். வினையைத் தேர்ந்தது சரியே என்பதற்கு அதுவே சான்று.

தலைநகரில் வாழும் தமிழ்ப் பெற்றோர் சிலர், குழந்தைக்கு இந்தியும் ஆங்கிலமும் இருக்க, இன்னோர் அயல்மொழியும் சேர்ந்தால், தமிழைச் சற்று ஒதுக்கி வைப்பதே சுமையைக் குறைக்கும் வழி என்று எண்ணுகின்றனர். அவர்கள் கவலை நியாயமானதே. பிள்ளையின் நேரம் அளவுக்குட்பட்டது. எனினும் மேலே கண்ட கணக்கைச் சற்றுப் பார்க்க வேண்டும். ஆங்கிலமும் இந்தியும் காட்டாத ஒரு வேறுபாட்டைக் குழந்தையின் தாய்மொழி தன்னுள் வைத்திருக்கிறது. வீட்டில் ‘இது என் புத்தகம் அல்ல’ என்று கேட்டுப் பழகிய செவிக்கு ‘நோ எஸ்’ என்பதும் ‘நோ எஸ்தா’ என்பதும் வேறு வேறு என்பது விளங்க நெடுநேரம் ஆகாது. கேளாத செவிக்கு அதே பாடத்தை விதிகளாகவும் விதிவிலக்குகளாகவும் மனப்பாடம் செய்விக்க வேண்டியிருக்கும்.

ஆகவே, இன்று மாலை அந்தச் சிறுமி “இது என் புத்தகம் இல்லை” என்று சொல்லும்போது, அவளைக் கடிந்துகொள்ள வேண்டா. “ஆமாம், அது உன் புத்தகம் அல்ல, அண்ணாவுடையது” என்று மறுமொழியில் மட்டும் அச்சொல்லை வைத்துச் சொல்லுங்கள். அண்ணன் தன் ஸ்பானியப் பாடத்திலிருந்து தலை நிமிர்ந்து பார்த்தாலும் பார்க்கக்கூடும்.